அட்டைக்கு அரை மூட்டை உப்பு

நான் அதிகம் பேச மாட்டேன். பலர் இதை அடக்கம் என்று நினைக்கிறார்கள். அடக்கம் இல்லை, சோம்பல். எழுதுவதிலும் அப்படித்தான். நாலு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு ஐந்தாவது வார்த்தை எதற்கு என்று இருந்தவன். அந்த ஐந்தாவது வார்த்தையை எழுதாததால் ஒரு மனிதரை உயிரோடு உப்புக்கண்டம் போட்டேன். அவர் என் மாமனார். (இதை மட்டும் நீளமாக எழுதப் போகிறேன். பட்டது போதும்.)

அறுபதுகளின் நடுவில் நடந்தது. ஜவ்வாது மலையில், காவலூருக்கு மேலே, எனக்குக் காட்டு வாட்சர் வேலை. சந்தன மரத்தை யாரும் வெட்டிக்கொண்டு போகாமல் பார்க்க வேண்டும். மரம் பேசாது. நானும் பேச மாட்டேன். ஒத்துப்போனது.

எனக்குக் கொடுத்த வீடு யாரோ ஒரு பழைய அதிகாரிக்காகக் கட்டியது. கல் சுவர், சீமை ஓடு. அந்த அதிகாரிக்குப் பல்லி என்றால் பயமாம். ஓட்டிலிருந்து பல்லி விழாமல் இருக்க, ஓட்டுக்குக் கீழே கூடம் முழுக்க அட்டை அடித்து மூடியிருந்தார். மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை. ஒவ்வொன்றும் எட்டடி நீளம், நாலடி அகலம். மொத்தம் எட்டு. அதன் மேல் வெள்ளை அடித்திருந்தது. இதற்குப் பேர் சீலிங். சுற்றி எந்த வீட்டிலும் சீலிங் கிடையாது. அப்புறம் அந்த அதிகாரி மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். (பல்லி சுவர் வழியாக வந்தது. அதை அவர் யோசிக்கவில்லை.)

இந்தச் சீலிங்தான் எனக்குக் கல்யாணம் செய்து வைத்தது.

நடுவில் பேசி முடித்தவர் காதர் பாய். வாணியம்பாடிக்காரர். சொந்தமாக ஒரு லாரி. மலையில் கடுக்காயும் புளியும் ஏற்றிக்கொண்டு போய் கீழே பல ஊர்களில் போடுவார். கடுக்காய் தோல் பதனிடுகிறவர்களுக்கு, புளி மளிகைக் கடைகளுக்கு. அப்படிப் புளி வாங்குகிற ஒரு கடை கண்ணமங்கலத்தில். கடைக்காரருக்கு ஒரே பெண், தனம். பாய் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"பையன் தங்கம்ங்க. ஒரு கெட்ட பேச்சு பேச மாட்டான்" என்றார் பாய். (நல்ல பேச்சும் பேச மாட்டான் என்பதைச் சொல்லவில்லை.)

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "வூடு எப்டி தம்பி?"

"சீலிங் கீது" என்றேன்.

அவ்வளவுதான் பேசினேன். கல்யாணம் முடிவாகிவிட்டது. சீலிங் என்றால் தேக்குப் பலகை என்று அவராக நினைத்துக்கொண்டார். கடைத்தெரு முழுக்கச் சொல்லியும் விட்டார். நான் தேக்கு என்று சொல்லவில்லை. தேக்கு இல்லை என்றும் சொல்லவில்லை.

தனம் மலைக்கு வந்தது தை மாதம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனது ஆடி. மழைக்காலத்தில் அந்த வீடு எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததே இல்லை. புரட்டாசிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. பாய்தான் வந்து சொன்னார். அன்றே கிளம்பினேன். பாதி வழியில் மழை பிடித்தது. பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. திரும்பி வந்தேன். அப்புறம் ஐப்பசி முழுக்க மழை. பாதை சரியாகி லாரி மறுபடி வந்தபோது கார்த்திகை பிறந்துவிட்டது. குழந்தை முகத்தை நான் பார்க்கவில்லை.

கார்த்திகையில் தாயையும் பிள்ளையையும் அனுப்புவதாகப் பேச்சு. கார்த்திகையை விட்டால் மார்கழி. மார்கழியில் அனுப்ப மாட்டார்கள். மாமனார் பாயிடம் இதையும் சொல்லி அனுப்பியிருந்தார்: "வூடு சரியா இருந்தாத்தான் கொழந்த வரும். இல்லன்னா மாப்ளய வேலைய வுட்டுட்டு கடைக்கு வரச் சொல்லு. தராசு புடிக்க ஆள் வேணும்."

மளிகைக் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேச வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குக் காய்ச்சல் வரும்போல இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு குரங்கு கூரை மேல் ஏறி ஓடு ஒன்றை நகர்த்தியது.

முதலில் சீலிங்கில் ஒரு கறை வந்தது. பூரி அளவு. மறுநாள் முறம் அளவு. மூன்றாம் நாள் ஒரு அட்டை வயிறு வைத்தது. கர்ப்பிணி மாதிரி கீழே தொங்கியது. நான் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து சாமைச் சோறு தின்றுகொண்டிருந்தேன். ஒரு மூலை பிய்ந்து என் தோளில் விழுந்தது. சோற்றிலும் விழுந்தது. சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு மாமனாருக்குக் கடிதம் எழுதினேன்.

இதுதான் கடிதம்:

"மாமாவுக்கு வணக்கம். இங்கே நல்ல மழை. வீட்டுக்குள் அட்டை ஊறித் தொங்குகிறது. ஒன்று என் மேல் விழுந்தது. சரி செய்கிறேன். அதுவரை குழந்தையை அனுப்ப வேண்டாம்."

சீலிங் என்று எழுதியிருக்கலாம். எழுதத்தான் நினைத்தேன். முதல் எழுத்து சி-யா சீ-யா என்று சந்தேகம் வந்தது. (ஐந்தாவது வரை படித்தேன். ஐந்தாவதை முடிக்கவில்லை.) அட்டை சின்னச் சொல். தப்பில்லாமல் வரும். எழுதினேன்.

தமிழில் அட்டை இரண்டு. ஒன்று புத்தகத்துக்குப் போடுவது. இன்னொன்று காலில் ஏறி ரத்தம் குடிப்பது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்றைக்கு என் தலைக்கு மேல் ஒரு வகை அட்டைதான் இருந்தது. இன்னொரு வகை ஞாபகத்துக்கே வரவில்லை.

எங்கள் பக்கம் ரத்தம் குடிக்கிற அட்டை குறைவு. மழைக்கு ஓடை ஓரத்தில் இரண்டு மூன்று காலில் ஏறும். ஆனால் கீழே இருக்கிறவர்களுக்கு மலை என்றால் மூன்றே விஷயம். கரடி, ஜுரம், அட்டை.

கண்ணமங்கலத்தில் நடந்ததைப் பிறகு தனம் சொல்லித் தெரிந்துகொண்டேன். கடிதத்தைக் கடையில் வைத்தே மாமனார் உரக்கப் படித்திருக்கிறார். சாமான் வாங்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

"ஊறித் தொங்குதுன்றாரே! அப்டின்னா எவ்ளோ ரத்தம் குடிச்சிருக்கும்?" என்றாராம் மாமனார்.

என் மாமியார் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாராம்.

"நான் இருந்தப்போ ஒண்ணுகூட இல்லியேப்பா" என்று தனம் சொல்லியிருக்கிறாள்.

"நீ இருந்தது வெயில் காலம். இது மழை."

கடிதம் கொண்டுபோன பாயையே சாட்சி கேட்டிருக்கிறார். "இன்னா பாய், மலையில அட்டை அவ்ளோ மோசமா?"

பாய்க்கு உருதுதான் படிக்க வரும். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கேட்டதற்குப் பதில் சொன்னார். "மழ பேஞ்சா கேக்கணுமாங்க? போன வாரம் என் லுங்கிக்குள்ள ஒண்ணு பூந்துடுச்சு. அரை நாள் நான் ஒக்காரல."

மாமனார் கெட்டவர் இல்லை. "பாவம், மாப்ள ஒண்டியா கெடந்து அவஸ்தப்பட்றாரு" என்று சொல்லிவிட்டு உடனே காரியத்தில் இறங்கினார். அவருடைய கெட்ட நேரம், என்னுடைய கெட்ட நேரம், அவர் நல்லவராகப் போய்விட்டார்.

இதற்கிடையில் மலையில் ஒரு நல்லது நடந்தது. அதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் முட்டாள்தனம் முழுசாகத் தெரியாது.

சடையன் என்று என்னோடு இன்னொரு வாட்சர். மலைக்காரன். அவன் வீடு புல் கூரை. ஒரு சொட்டு ஒழுகாது. அவன் வந்து பார்த்தான். ஓட்டின் மேல் ஏறினான். நகர்ந்த ஓட்டைச் சரியாக வைத்தான். ஒழுகல் நின்றது. பிறகு ஒரு பலகையைத் தொங்குகிற அட்டைக்குக் கீழே வைத்து, மூங்கில் கழி ஒன்றை முட்டுக் கொடுத்து நிமிர்த்தினான். பிய்ந்துபோன மூலையை நான் ரம்பத்தால் நேராக அறுத்துவிட்டு, சுற்றி ஆணி அடித்தேன்.

"அப்டியே வுடு அண்ணே. ஒரு வாரத்துல காஞ்சிரும். கை வெக்காத" என்றான் சடையன்.

வேலை முடிந்தது. விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மூன்றாம் நாள் பாயின் லாரி வந்தது. பாய் அரை மூட்டை கல் உப்பை இறக்கினார். பிறகு ஒரு கட்டுப் புகையிலை.

"இன்னாத்துக்கு?" என்றேன்.

"நான் கேக்கல தம்பி. ஒன் மாமனார் குடுத்தாரு. 'மேல ஒரு எடம் வுடாம நல்லா போடச் சொல்லு'ன்னாரு. லெட்டர் கீது பாரு."

கடிதத்தைப் பிரித்தேன்.

"மாப்பிள்ளைக்கு. பயப்பட வேண்டாம். உப்பு தாராளமாகப் போடவும். புகையிலைத் தண்ணீர் அடிக்கவும். பிடித்து இழுக்க வேண்டாம். இழுத்தால் வாய் உள்ளே நின்றுவிடும். ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. வெள்ளிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன். எல்லாம் சரியாக இருந்தால் தனமும் குழந்தையும் அங்கேயே இருப்பார்கள்."

ஐந்து முறை படித்தேன். அட்டைக்கு வாய் ஏது? வெகு நேரம் யோசித்தேன். ஆணி அடித்த ஓரத்தைத்தான் வாய் என்கிறார் என்று முடிவு செய்தேன். பிடித்து இழுத்தால் ஓரம் ஆணியோடு நின்றுவிடும். உண்மைதானே? மனிதர் விஷயம் தெரிந்தவர் என்று நினைத்தேன். புகையிலைத் தண்ணீர் கரையான் வராமல் இருக்க. அதுவும் சரி.

உப்புதான் புரியவில்லை. பிறகு கருவாடு ஞாபகம் வந்தது. மீனுக்கு உப்புப் போடுகிறார்கள். மீனில் இருக்கிற தண்ணீரை உப்பு வாங்கிவிடுகிறது. மீன் காய்கிறது. மீனுக்குக் காய்ந்தால் அட்டைக்குக் காயாதா? எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. (என் வாழ்நாளில் நான் தனியாக யோசித்துக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.)

சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஆள் நுழைகிற இடைவெளி இருந்தது. அதில் தவழ்ந்து போய், உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு, அட்டையின் மேல் உப்பைப் பரப்பினேன். வயிறு வைத்த அட்டைக்கு முக்கால் பங்கு. ஒரு இடம் விடவில்லை.

சடையன் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னா அண்ணே, வூட்ட ஊறுகா போடறியா?"

"மாமனார் சொன்னாரு."

"அவரு கொத்தனாரா?"

"மளிகைக் கடை."

சடையன் தலையில் அடித்துக்கொண்டான். "கழிய மட்டும் எடுக்காத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலை மேகம் வந்தது. கார்த்திகையில் எங்கள் மலையில் மேகம் வீட்டுக்குள் வந்து உட்காரும். கேட்டுக்கொண்டு வராது. அந்த மேகத்தை உப்பு குடித்தது. குடித்துவிட்டு அட்டைக்குக் கொடுத்தது. அட்டை எனக்குக் கொடுத்தது. வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. உள்ளே சொட்டியது. ஒரு சொட்டு உதட்டில் விழுந்தது. கரித்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உப்பை வாரி எடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? உப்பு போதவில்லை என்று நினைத்தேன். சமையல் ஜாடியில் இருந்த உப்பையும் கொண்டுபோய்க் கொட்டினேன்.

அடுத்த நாள் புகையிலைத் தண்ணீர் அடித்தேன். சீலிங் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. வெற்றிலை போட்டுத் துப்பினது போல இருந்தது. அதை மறைக்கச் சுண்ணாம்பு அடித்தேன். ஈரத்தில் சுண்ணாம்பு நிற்கவில்லை. வழிந்தது. சுவரிலும் வழிந்தது. ஆணி எல்லாம் துருப்பிடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. அந்த அட்டை மறுபடி வயிறு வைத்தது. இந்த முறை இரட்டைப் பிள்ளை.

செய்ய எதுவும் இல்லை. சட்டி, பானை, செம்பு எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். நடுவில் உட்கார்ந்தேன். மேலே பார்த்தேன். சோறும் ஆக்கவில்லை. (ஆக்கினாலும் உப்பு இல்லை. எல்லாம் மேலே இருந்தது.) குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. நான் யோசித்து வைத்திருந்த பெயரையும் யாரிடமும் சொல்லவில்லை. கடிதத்தில் கேட்டிருக்கலாம். ஒரு வரிதான். அதையும் கேட்கவில்லை. என் பெண்ணுக்குப் பெயர் தெரியாமல், மாமனார் சொன்னபடி எல்லாம் செய்து, வீட்டைக் கெடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு அவர் பார்ப்பார். கூட்டிக்கொண்டு போய்விடுவார். நான் தராசு பிடிப்பேன். "என்ன வேணும், எவ்ளோ வேணும்" என்று சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை பகல் லாரி வந்து நின்றது. சட்டி பானையை எல்லாம் சமையலறைக்குள் தள்ளினேன்.

முதலில் மாமனார் இறங்கினார். பாதத்திலிருந்து முழங்கால் வரை துணி சுற்றியிருந்தார். துணியில் புகையிலை நாற்றம். பின்னால் தனம். அவள் காலிலும் துணி. குழந்தையை மூக்கு நுனி மட்டும் தெரிய மூடியிருந்தாள். பாய் மட்டும் எப்போதும் போல லுங்கியில் இருந்தார். சண்டையில் அடிபட்டுத் திரும்பியவர்கள் போல இருந்தார்கள். குளிருக்குச் சுற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீ அங்கியே நில்லு" என்று தனத்தை வாசலில் நிறுத்தினார் மாமனார். அவர் மட்டும் என்னோடு உள்ளே வந்தார். அண்ணாந்து பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒரு சொட்டு அவர் உதட்டில் விழுந்தது. நக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"உப்பு போட்டுட்டீங்க."

"ம்."

"பொகயில தண்ணியும் அடிச்சிக்கீறீங்க. செவுரு பாழாப் போனாலும் பரவால்லன்னு அடிச்சிக்கீறீங்க. சபாஷ் மாப்ள."

அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. குனிந்த தலையை நிமிர்த்தினேன்.

"மொத்தம் எத்தினி?" என்றார்.

"இன்னாது?"

"அட்டை."

"எட்டு."

"எட்டுதானா?" அவருக்கு ஏமாற்றம். "ஒவ்வொண்ணும் எவ்ளோ பெருசு?"

"எட்டடிக்கு நாலடி."

மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எட்டு... அடியா?"

"ஆமா மாமா. ஒண்ணு மட்டும் கொஞ்சம் சின்னது. நான் அறுத்தேன்."

"அறுத்தீங்களா? எதால?"

"ரம்பத்தால."

வாசலில் தனம் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பாய் லாரிப் பக்கம் இரண்டடி பின்வாங்கினார்.

"இப்போ எங்க கீது அதெல்லாம்?" மாமனார் குரல் கீழே போய்விட்டது.

"மேலதான். அதே எடத்துல. ஆணி அடிச்சு நிறுத்திக்கீறேன்."

"உசுரு?"

ஆயுள் எவ்வளவு என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும் மாமா" என்றேன்.

மாமனார் கோழை இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். சுற்றிப் பார்த்தார். நடுக் கூடத்தில் மூங்கில் கழி நின்றது.

"அத்த எடுக்கறேன். ரெண்டு குத்து குத்திப் பாக்கறேன்" என்று கழியைப் பிடித்தார்.

அது முட்டு, எடுக்காதீங்க. மொத்தம் மூன்று வார்த்தை. வேறு எவனாக இருந்தாலும் கத்தியிருப்பான். நான் வாயைத் திறந்தேன். "அது..." என்றேன். மீதி இரண்டு வார்த்தை வருவதற்குள் அவர் கழியை உருவிவிட்டார்.

சத்தம் பெரிதாக இல்லை. ஊறிய அட்டை சத்தம் போடாது. தொப்பென்று ஒரு சத்தம். அரை மூட்டை உப்பும், ஜாடி உப்பும், மேகம் கொடுத்த தண்ணீரும், பல வருஷத்துத் தூசியும் ஒரே சமயத்தில் இறங்கின. முட்டுப் பலகை ஒதுங்கி விழுந்தது. அட்டை நேராக அவர் தலையில் உட்கார்ந்தது. அப்பளம் மாதிரி நடுவில் பொத்துக்கொண்டது. தலை மேலே வந்துவிட்டது. அட்டை தோளில் நின்றது. கோயில் தேரில் நடுவில் சாமி தெரிகிற மாதிரி தெரிந்தார். முகம் முழுக்கச் சுண்ணாம்பு. கண்ணில் உப்பு.

கண்ணைத் திறக்க முடியாமல் கேட்டார். "மாப்ள... அட்டை எங்க?"

"ஒங்க கழுத்துல கீது மாமா."

அவர் போட்ட கூச்சல் காவலூர் வரைக்கும் கேட்டிருக்கும். வாசல் பக்கம் ஓடினார். வாசல் மூன்றடி அகலம். அட்டை நாலடி. வாசலில் அடித்து நின்றது. மறுபடி ஓடினார். மறுபடி அடித்தது. வெளியே இருந்து பாய் பற்றவைத்த பீடியோடு ஓடி வந்தார். (அட்டையைச் சுட்டால் உதிரும் என்று அவர் கணக்கு.)

"ஆடாதீங்க! எங்க கீது? காட்டுங்க, சுட்டுர்றேன்!"

"கழுத்துல பாய்! கழுத்துல!"

பாய் பீடியை அவர் கழுத்துக்குக் கொண்டுபோனார். அட்டை ஈரம். பீடி அணைந்துவிட்டது. அன்று எனக்கு நடந்த ஒரே நல்லது.

"அப்பா! நில்லு!"

தனம்தான். குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். அப்பா தோளில் தொங்கியதில் ஒரு துண்டைப் பிய்த்தாள். முகர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க லெட்டர்ல எழுதின அட்டை இதுவா?"

"ஆமா."

"அந்த அட்டை இல்ல? ரத்தம் குடிக்கறது?"

"இல்ல."

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. உப்பு, புகையிலை, வாய், காலில் துணி, எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. உட்கார்ந்துவிட்டேன். உப்பின் மேல்தான் உட்கார்ந்தேன்.

மாமனார் தானாக அட்டையைப் பிய்த்துப் போட்டார். முகத்தைத் துடைத்தார். மேலே பார்த்தார்.

"தேக்குன்னு சொன்னீங்களே மாப்ள."

"நான் சொல்லல மாமா."

"இல்லன்னும் சொல்லல."

மாமனார் வேட்டியில் ஒட்டிய உப்பை உதறினார்.

"தனம், லாரியில ஏறு" என்றார். "இங்க மனுசன் இருக்க முடியாது. மாப்ள, நீங்க சட்டி பானை எல்லாம் கட்டிக்கினு பின்னாலியே வந்துருங்க. நாளையிலேந்து கடை."

நான் தனத்தைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்தேன். இந்தக் கலாட்டாவில் முகத்துணி விலகியிருந்தது. என் மூக்கு. என்னைப் போலவே வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தது. இவ்வளவு நடந்தும் அது ஒரு சத்தம் போடவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. "இருங்க" என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. வரவில்லை.

"பேரு இன்னா?" என்றேன். அதுதான் வந்தது.

தனத்துக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "வெக்கல. நீங்க வந்து சொல்வீங்கன்னு காத்துனு இருந்தேன். நீங்க வரல. லெட்டர்லயாவது எழுதுவீங்கன்னு பாத்தேன். அட்டைன்னு எழுதினீங்க."

"பாதை அறுத்துக்கிச்சு" என்றேன். "பாதி தூரம் வந்தேன். ரெண்டு மாசமா ஒக்காந்து யோசிச்சேன். மல்லிகா. புடிக்கலன்னா வேற வெச்சிக்கலாம். வூடு ஒழுகாது தனம். ஓடு சரியா கீது. ஒழுகினதெல்லாம் உப்புதான். நீ போவாத."

நான் அவளிடம் அதுவரை அவ்வளவு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. பாய் அணைந்த பீடியை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

தனம் அண்ணாந்து பார்த்தாள். அட்டை விழுந்த இடத்தில் ஓட்டைத் தாங்குகிற உத்தரம் தெரிந்தது. கறுப்பாக, தடியாக. சீலிங் மறைத்து வைத்திருந்ததால் அப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது.

"போன தையிலேந்து நான் யோசிச்சினு இருந்தேன்" என்றாள். "இந்த வூட்டுல தூளி எங்க கட்டறதுன்னு. அப்பா, அந்தப் பழைய பொடவைய மூட்டையிலேந்து எடு."

"இங்கியா?" என்றார் மாமனார்.

"இங்கதான்."

மாமனார் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாய் லாரியிலிருந்து கயிறு கொண்டுவந்தார். நான் ஏறிக் கட்டினேன். மாமனார் கயிற்றில் தொங்கிப் பார்த்தார். மறுபடி தொங்கிப் பார்த்தார். உத்தரம் அசையவில்லை. மல்லிகாவைத் தூளியில் போட்டோம். தூங்கிவிட்டாள். மீதி ஏழு அட்டையை மறுநாளே சடையனும் நானும் கழற்றி எடுத்தோம்.

அட்டை விழுந்த அன்று சாப்பிட உட்காரும்போது மாமனார் பாயிடம் லாரியில் இருந்த குடையைக் கேட்டு வாங்கினார். விரித்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டார். கோபத்தில் செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அதற்கப்புறம் எப்போது வந்தாலும் குடையோடுதான் வந்தார். என் வீட்டுக்குள் வந்ததும் விரிப்பார். வெளியே போகும்போது மடக்குவார். மழை பெய்தால்கூட வெளியே மடக்கித்தான் பிடித்திருப்பார். எனக்கு மாற்றலாகித் திருப்பத்தூரில் தளம் போட்ட வீட்டுக்குக் குடி போனோம். அங்கேயும் விரித்தார். "தளம் மாமா" என்றேன். "சொல்றது நீங்கதான மாப்ள" என்றார். தாத்தா என்றால் வீட்டுக்குள் குடை பிடிப்பார் என்று நினைத்தே என் பெண் வளர்ந்தாள்.

மல்லிகாவைப் பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். மாமனார் நடுவில் குடைக்குக் கீழே. மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "பெரியவருக்கு ஒடம்பு சரியில்லீங்களா?"

நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு விட்டிருக்கலாம். வாயை மூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் முழுசாகச் சொன்னேன். அரை மணி நேரம் ஆனது. காப்பி ஆறிப்போனது. மாமனார் நடுநடுவே நான் விட்டதை எடுத்துக் கொடுத்தார்.

சம்பந்தம் முடிந்தது. சம்பந்தி வீட்டார் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் கோடையானாலும் ஆளுக்கு ஒரு குடை கொண்டுவருகிறார்கள். வாசலில் நின்று, "விரிக்கணுமா, வேணாமா? தெளிவா சொல்லுங்க சம்பந்தி" என்கிறார்கள்.